பொழுதோடு சாப்பிடச் சொன்ன டீச்சர்

வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீசைத் தாண்டிப் புதிதாக முளைத்த தெருக்களில் ஒன்றில் கனகமாலா டீச்சர் இருக்கிறார். தெருவில் யாரைக் கேட்டாலும் வீட்டைக் காட்டுவார்கள். அந்த வீட்டுக்குள் அவர் என்ன செய்கிறார் என்று கேட்டால் மட்டும் உதட்டைப் பிதுக்குவார்கள். "ரிட்டயர்டு டீச்சர். வீட்டுக்காரர் தவறிட்டாரு. எந்நேரமும் கம்ப்யூட்டர் முன்னாடியே உக்காந்துனு இருப்பாங்க" என்பதோடு சங்கதி முடிந்துவிடும்.

அவர் செய்வது இதுதான். இணையத்தில் 'இன்றைய தட்டு' என்று ஒரு பக்கம் வைத்திருக்கிறார். அன்றாடம் நம் வாய்க்குள் போகிற சோறு, கீரை, மோர், டீக்கடை பன், மிக்சர் பற்றியெல்லாம் சனிக்கிழமைதோறும் ஒரு கட்டுரை எழுதுகிறார். மிரட்டல் கிடையாது, மந்திரமும் கிடையாது. இந்த இரண்டும் இல்லாமல் சாப்பாட்டைப் பற்றி எழுதினால் இந்தக் காலத்தில் யார் படிப்பார்கள்? கறிவேப்பிலைக்குக்கூட வெள்ளைக் கோட்டு மாட்டி டாக்டராக்கிவிடுகிற வீடியோக்காரர்களை ஊரே வாயைப் பிளந்து பார்க்கிறது. டீச்சரைப் படிக்கிறவர்களை உட்கார வைத்தால் ஒரு கல்யாணத்தின் முதல் பந்திக்குக்கூடக் காணாது.

போளூர்ப் பக்கத்தில், நயினார் என்று அழைக்கப்படும் தமிழ்ச் சமணக் குடும்பத்தில் பிறந்தவர். ஊரில் கொஞ்சம் நெல்வயல், தெருக்கோடியில் அவர்களுக்கென்று ஒரு ஜினாலயம். மகள் மனையியல் படிக்க மெட்ராஸ் போகிறாள் என்றதும், "சமைக்கக் கத்துக்க மெட்ராசுக்கா அனுப்புவாங்க, அதுக்குத்தான் மாமியார்னு ஒருத்தி வரப்போறாளே" என்று சொந்தக்காரர்கள் சிரித்தார்கள். சிரித்தவர்கள் வீட்டுப் பெண்கள் பலர் பின்னாளில் அவரிடமே படித்தார்கள். திருவண்ணாமலையில் ஒரு அரசுப் பள்ளியில் ஆயுசின் பாதியைக் கழித்துவிட்டு ஓய்வு பெற்றார். 

கணவர் வீரேந்திரன் கலெக்டர் ஆபீசில் வேலை பார்த்தவர். ஃபைலைத் திருப்பி அனுப்புவதில் தனிச் சுகம் கண்ட மனிதர். ஓய்வு பெற்றபின் திருப்பி அனுப்ப ஃபைல் இல்லாமல் கை நமநமவென்று இருந்த நேரத்தில், மனைவி எழுதிய முதல் கட்டுரை கையில் கிடைத்தது. விடுவாரா? பத்திக்குப் பத்தி சிவப்பு மையில் அடிக்கோடு போட்டு, ஓரத்தில் ஒரே கேள்வியை எழுதினார்: 'யார் சொன்னது?'

'வெறும் வயிற்றில் வெந்தயம் நல்லது.' யார் சொன்னது? 'கறுப்பு அரிசியில் சத்து அதிகம்.' யார் சொன்னது, எதைவிட அதிகம்? டீச்சருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். முப்பது வருஷம் பாடம் நடத்தியவளிடம் கேட்கிற கேள்வியா இது? முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு ஆதாரம் தேடப் போவார். பாதி நேரம் ஆதாரம் கிடைக்காது. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே அந்த வரியை அடித்துவிடுவார்.

அந்தச் சண்டைகளிலிருந்துதான் பக்கத்தின் விதிகள் பிறந்தன. எந்தச் சாப்பாடும் எந்த நோயையும் தீர்க்கும் என்று எழுதுவதில்லை. விளம்பரம் வாங்குவதில்லை. ஒரு சத்துமாவுக் கம்பெனிக்காரர்கள் வீடு தேடி ஒரு பெட்டி அனுப்பினார்கள். டீச்சர் தம் கைக்காசைப் போட்டு அதைத் திருப்பி அனுப்பினார். எதிர்வீட்டு அம்மாள் மோவாயில் கைவைத்து, "கஞ்சி போட்டுக் குடிச்சிட்டு நல்லா இருந்துச்சுன்னு ஒரு வரி எழுதுனா கொறஞ்சா போயிடுவீங்க?" என்றாள். தப்பு நேர்ந்தால் திருத்தத்தை மூலையில் ஒளிக்காமல், தப்பு இருந்த இடத்திலேயே, அதே பெரிய எழுத்தில் போட வேண்டும் என்று ஒரு விதி. எழுதியவர் தவிர இன்னொருவர் படிக்காமல் எதுவும் வெளியாகக் கூடாது என்று இன்னொன்று. படிக்கிறவர்களின் உடம்பைப் பற்றி நாமாக எதையும் கேட்கக் கூடாது என்றும் ஒன்று இருந்தது. ஆரம்பத்தில் ஒருவர் போன் செய்து தம் சிறுநீரகக் கோளாறுக்கு என்ன சாப்பிடலாம் என்று கேட்டபோது வீரேந்திரன் சேர்த்தது அது. "கேட்டா யோசன சொல்லணும். யோசன சொல்றது டாக்டர் வேல. கேக்காத, சொல்லாத."

தம் வீட்டுப் பழக்கம் எழுத்துக்குள் நுழைந்துவிடக் கூடாது என்பதில் டீச்சர் குறியாக இருந்தார். வெங்காயத்தைப் பற்றி எழுதினால், 'எழுதுகிறவர் வீட்டில் வெங்காயம், பூண்டு, கிழங்கு சேர்ப்பதில்லை. அதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்' என்று கீழே ஒரு வரி போடுவார். முட்டையைப் பற்றி எழுதியபோது, முட்டை சாப்பிடுகிற ஒரு தோழியிடம் காட்டித்தான் வெளியிட்டார். 

ஒரு காலை, காபித் தம்ளரைக் கையில் வாங்கிய வீரேந்திரன் அதைக் குடிக்கவில்லை. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர்தான்.

துக்கம் விசாரிக்க வந்தவர்கள் போய், பெங்களூரில் வேலை பார்க்கும் மகள் த்ரிசலாவும் போனபின், டீச்சர் மறுபடி எழுத உட்கார்ந்தார். எழுதிவிடலாம். யார் படித்து அடிக்கோடு போடுவது? விதி என்று ஒன்று இருக்கிறதே. த்ரிசலாவுக்கு அனுப்பினார். கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது, ஒரு மஞ்சள் கட்டைவிரல். அடுத்த வாரமும் அதே கட்டைவிரல். 'படித்தாயா?' என்று கேட்க டீச்சருக்கு வாய் வரவில்லை. கேட்டு, 'இல்லை' என்று வந்துவிட்டால்? கட்டைவிரலையே இன்னொரு கண்ணாகக் கணக்கில் எடுத்துக்கொண்டார். தனியாக இருக்கிறவர்களுக்குக் கிடைத்ததை வைத்துச் சமாளிக்கிற வித்தை தானாக வந்துவிடும்.

அந்தச் சமயத்தில்தான் தனம் போன் செய்தாள்.

"டீச்சரம்மாங்களா? நான் அடி அண்ணாமலைலேர்ந்து தனம் பேசறேன். சுகருக்கு மாத்திர போடறவ. கேவுரு களி சுகருக்கு நல்லதுன்னு எவனோ சொன்னான்னு வேளைக்கு ரெண்டு உருண்ட உள்ள தள்ளிக்கினு இருந்தேன். இப்பப் போய் அதுலயும் மாவுச்சத்துதான், அளவாத்தான் சாப்புடணும்னு எழுதிட்டீங்களே. இத மொதல்லயே எழுதுறதுக்கு இன்னா?"

டீச்சர் சிரித்துவிட்டார். வீரேந்திரன் போனபின் அந்த வீட்டுக்குள் கேட்ட முதல் சிரிப்பு அது. அவருக்கே அது யாருடைய சிரிப்போ என்று இருந்தது.

தனம் கோயில் பக்கத்து லாட்ஜ் ஒன்றில் அறைகளுக்கு விரிப்பு மாற்றும் வேலை செய்தாள். டீச்சரைவிடப் பத்து வயது சின்னவள். மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் கட்டுரையைப் படிப்பாள். ஏழரை மணிக்கு வேலை முடிந்து பஸ் ஏறியதும் போன் போடுவாள். கண்டக்டர் குரல், ஹாரன் சத்தம், பக்கத்து சீட்டுக் குழந்தையின் அழுகை எல்லாவற்றோடும் சேர்ந்து வரும் அந்தக் குரலுக்காக டீச்சர் சனிக்கிழமை சாயங்காலத்திலிருந்தே காத்திருப்பார். உப்பைப் பற்றிப் பேசுவார்கள். மறுபடி காய்ச்சிய எண்ணெயைப் பற்றிப் பேசுவார்கள். அவள் பேசுவதற்காகவே எழுதுகிறோமோ என்று டீச்சருக்குச் சில சமயம் தோன்றும். தோன்றினால் என்ன, உண்மைதானே.

ஒரே ஊர்தான். பஸ் ஏறினால் போய்விடலாம். ஆனால் இருவரும் சந்தித்ததில்லை. படிக்கிறவர்களோடு ரொம்ப ஒட்டக் கூடாது என்று டீச்சர் தமக்கே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டார். நேரில் பார்த்து, அவளுக்குத் தம்மைப் பிடிக்காமல் போய், அந்த ஒரு போனும் நின்றுவிட்டால் என்ன செய்வது என்பதுதான் அவருடைய நிஜமான பயம்.

சென்ற வருஷம் கோடை முடிகிற சமயத்தில், 'இரவு உணவு எப்போது?' என்று ஒரு கட்டுரை எழுதினார். அதற்காக அவர் படித்ததெல்லாம் ஒன்றையே சொன்னது. படுக்கப்போகிற நேரத்தில் வயிறு முட்டச் சாப்பிட வேண்டாம், தூங்குவதற்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்னால் முடித்துக்கொள்வது நல்லது. அவ்வளவுதான். டீச்சர் எழுதியது வேறு. 'பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டு முடியுங்கள். அதன்பின் தண்ணீர் தவிர வேறெதுவும் வேண்டாம். வயிறு ஓய்வெடுக்கட்டும்.'

பிறந்த வீட்டிலும் சரி, புகுந்த வீட்டிலும் சரி, விளக்கு வைத்தபின் யாரும் வாயில் ஒரு பருக்கை போட்டதில்லை. நயினார் வீடுகளில் அது தனியாக எடுத்துச் சொல்லுகிற விஷயமே அல்ல. வெங்காயமாவது கண்ணுக்குத் தெரிகிற பொருள், அதைத் தடுத்து நிறுத்திவிடலாம். சாப்பிடுகிற நேரத்தை எப்படித் தடுப்பது? முன்வாசலில் பூட்டு மேல் பூட்டாகப் போட்டுவிட்டு, புழக்கடைக் கதவைத் திறந்து வைத்திருந்தார் டீச்சர். எழுதும்போது அவர் கை கொஞ்சம்கூடத் தயங்கவில்லை. த்ரிசலாவிடமிருந்து கட்டைவிரல் வந்தது. கட்டுரை வெளியானது.

என்ன ஆச்சரியம், அது பரபரவென்று பரவியது. முதல் பந்திக்குக் காணாத பக்கம் ஊர்ச் சாப்பாடு போட்டது. எதிர்வீட்டு அம்மாளுக்கே அது யார் மூலமாகவோ வந்து, அவள் அதை டீச்சரிடமே கொண்டுவந்து காட்டினாள். "பாருங்க, எவ்ளோ நல்ல விஷயம்!" எழுதியவர் பெயர் வழியில் எங்கேயோ விழுந்துபோயிருந்தது. டீச்சர் அதற்கும் சந்தோஷப்பட்டார்.

கட்டுரை வெளியான அன்றே தனம் பஸ்ஸிலிருந்து கத்தினாள். "சூப்பர் டீச்சரம்மா! இன்னியிலேர்ந்து ராத்திரில அடுப்பே பத்த வெக்கறதில்ல!"

"நல்லதுதான் தனம்" என்றார் டீச்சர்.

அடுத்த சனிக்கிழமையும் பேசினாள். அதற்கடுத்த சனிக்கிழமை போன் வரவில்லை. பஸ்ஸில் கூட்டமாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டார். அன்று பௌர்ணமிகூட இல்லை, கூட்டத்துக்கு. அடுத்த சனிக்கிழமையும் வரவில்லை. பிடிக்காத எதையாவது எழுதிவிட்டோமா என்று பழைய கட்டுரைகளை எடுத்துப் படித்துப் பார்த்தார். ஞாயிற்றுக்கிழமை காலை, மனசு கேட்காமல் அவரே கூப்பிட்டார். ஒரு ஆண்குரல் எடுத்தது.

"தனம் இல்லீங்களா?"

"பக்கத்து டீக்கட முருகையன் பேசறேங்க. போன எங்கிட்ட சார்ஜ் போடக் குடுத்திருக்குது. அதுக்கு ஒடம்பு சரியில்ல. ஆஸ்பத்திரிலேர்ந்து முந்தாநாள்தான் வந்துச்சு."

"ஐயோ, என்ன ஆச்சுங்க?"

"காலைல கதவு தொறக்கலயேன்னு போய்த் தட்டுனா, ஒடம்பெல்லாம் வேர்த்து வழியுது, பேச்சு கொழறுது. சக்கரத் தண்ணியக் குடுத்து ஆட்டோல போட்டு இட்டுனு போனோம். சுகர் ரொம்ப கம்மியாயிடுச்சாம். ராத்திரில ஒண்ணும் சாப்புடாமலே சுகர் மாத்திர மட்டும் போட்டுக்கினு படுத்திருக்குது." முருகையனுக்குக் கோபம் ஏறியது. "யாரோ டீச்சராம். பொழுதோட சாப்புடணும், அப்பறம் பச்சத்தண்ணிதான்னு எழுதிட்டாங்களாம். இது வேலய வுட்டு வரவே மணி எட்டாவுது, எங்க பொழுதோட சாப்புடறது? அவங்க ஆப்ட்டாங்கன்னா நாலு கேள்வி கேக்கணுங்க."

டீச்சர் நினைத்தால் போனை வைத்துவிடலாம். யாரென்று அந்த ஆளுக்குத் தெரியாது.

"அந்த டீச்சர் நான்தாங்க" என்றார்.

எதிர்முனையில் டீ ஆற்றுகிற சத்தம் மட்டும் கேட்டது. "அப்டீங்களா" என்றார் முருகையன். அதற்குமேல் அந்த நாலு கேள்வியில் ஒன்றைக்கூட அவர் கேட்கவில்லை. போன் நின்றுவிட்டது.

டீச்சர் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து கட்டுரையைத் திறந்தார். இந்த முறை வீரேந்திரனின் கண்ணோடு படித்தார். 'பொழுது சாய்வதற்குள்.' யார் சொன்னது? எந்த ஆராய்ச்சியும் சொல்லவில்லை. எந்த மருத்துவரும் சொல்லவில்லை. வீடு சொன்னது. 'வேறெதுவும் வேண்டாம்.' யாருக்கு வேண்டாம்? மாத்திரை போடுகிறவர்களுக்குமா? எட்டு மணிக்கு வேலையிலிருந்து வருகிறவர்களுக்குமா? ஒரு மனையியல் டீச்சர், சர்க்கரை மாத்திரை போட்டுவிட்டுப் பட்டினி கிடக்கக் கூடாது என்பதை வகுப்பிலே கரும்பலகையில் எழுதிப் போட்டவர், இதை எழுதியிருக்கிறார். ஊருக்குத்தான் உபதேசம் என்பார்கள். அந்த உபதேசமாவது ஒழுங்காக இருந்ததா? அவருக்கு வெட்கத்தில் காது மடல் சுட்டது.

த்ரிசலாவுக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னார்.

"அம்மா, அந்த லைன மட்டும் மாத்திட்டு விடுங்க. 'தூங்கறதுக்கு முன்னாடி'ன்னு போட்டா முடிஞ்சுது. யாரு பாக்கப் போறாங்க?"

"நீ படிச்சப்போ உனக்கு ஒண்ணும் தோணலையாம்மா?"

"நான் படிக்கலம்மா" என்றாள். "எதையுமே ஒழுங்காப் படிச்சதில்ல. ஆபீஸ்ல இருப்பேன், அப்படியே அனுப்பிடுவேன். படிச்சிருந்தா சொல்லியிருப்பேன். இங்க யாரும்மா ஆறு மணிக்கு சாப்புடறாங்க? நானே ஒம்பது மணிக்குத்தான் சாப்புடறேன்."

நயினார் வீட்டுப் பெண் ஒன்பது மணிக்குச் சாப்பிடுகிறாள் என்பதும் அன்றுதான் தாய்க்குத் தெரியும். மகளைத் திட்ட வேண்டும் என்று தோன்றவில்லை. பெற்ற பெண் எத்தனை மணிக்குச் சாப்பிடுகிறாள் என்பதைக்கூடத் தெரிந்துகொள்ளாமல் ஊருக்கு நேரம் குறித்துக் கொடுத்தோமே என்றுதான் தோன்றியது.

'யாரு பாக்கப் போறாங்க' என்ற சொல் மட்டும் இரண்டு நாள் அவரை விடவில்லை. சத்தமில்லாமல் மாற்றிவிட்டால் யாருக்கும் தெரியாது. தனமும் ஒருவேளை மறுபடி போன் செய்வாள், பழையபடி உப்பையும் எண்ணெயையும் பேசலாம். விதிப்படி திருத்தம் போட்டால், ஒரு பெண் ஆஸ்பத்திரிக்குப் போக நான்தான் காரணம் என்று பெரிய எழுத்தில் எழுத வேண்டும். அதையும் அவளைக் கேட்காமல் எழுத முடியாது. கேட்கப் போய் அவள் முகத்தில் அடித்தாற்போல் ஏதாவது சொல்லிவிட்டால், அந்த ஒரு குரலும் போய்விடும். அதற்குப் பிறகு சனிக்கிழமை என்று ஒரு கிழமை எதற்கு? ஆனால் யாருமே பார்க்காதபோதும் ஒழுங்காக எழுத வேண்டும் என்றுதானே இவ்வளவு காலம் இந்தப் பக்கத்தைக் கட்டிக்கொண்டு அழுதார். 

புதன்கிழமை மத்தியானம் கிளம்பினார். உடம்பு சரியில்லாதவர்களைப் பார்க்க வெறுங்கையோடு போகக் கூடாது. பழக்கடையில் போய் நின்றால் எதை வாங்குவது என்று தெரியவில்லை. சாப்பாட்டைப் பற்றிச் சனிக்கிழமைதோறும் எழுதுகிறவர், ஆப்பிளைத் தொட்டுவிட்டு வைத்தார், சாத்துக்குடியை எடுத்துவிட்டு வைத்தார். "இன்னாம்மா வேணும் உங்களுக்கு?" என்று கடைக்காரி அலுத்துக்கொண்டாள். கடைசியில் அரைப்பழமாக நாலு கொய்யாவை வாங்கிக்கொண்டு ஷேர் ஆட்டோவில் ஏறினார்.

அடி அண்ணாமலையில் கிரிவலப் பாதையிலேயே முருகையனின் டீக்கடை இருந்தது. டீச்சர் தாம் யார் என்று சொன்னதும் முருகையன் அவர் முகத்தைப் பார்க்காமல், மோவாயால் பக்கத்துச் சந்தைக் காட்டினார்.

ஒற்றை அறை. தனம் கட்டிலில் உட்கார்ந்து லாட்ஜ் தலையணை உறை ஒன்றுக்கு விட்டுப்போன தையலைத் தைத்துக்கொண்டிருந்தாள். குரலை வைத்து டீச்சர் குண்டான ஒரு பெண்ணைக் கற்பனை செய்து வைத்திருந்தார். இவள் ஒல்லியாக, கன்னம் ஒட்டிப்போய் இருந்தாள்.

"டீச்சரம்மாவா?" என்று எழுந்தாள். "நீங்க இன்னும் ஒசரமா இருப்பீங்கன்னு நெனச்சேன்."

உட்காரச் சொன்னாள். டீச்சர் உட்காரவில்லை.

"தப்பு என்னுது தனம். நான் எழுதினது ஆராய்ச்சி இல்ல, எங்க வீட்டுப் பழக்கம். நீ மாத்திர போடறவன்னு தெரிஞ்சும், எட்டு மணிக்கு வர்றவன்னு தெரிஞ்சும், அன்னிக்கு போன்ல நல்லதுதான்னு சொன்னேன். அத நான் எழுதணும். என் பக்கத்துலயே, எல்லாரும் பாக்கற மாதிரி. உன்னக் கேக்காம எழுத மாட்டேன்."

"எம் பேரப் போடுவீங்களா?"

"நீ சொன்னா போடுவேன். வேணாம்னா போட மாட்டேன்."

"வேணாம். ராத்திரில சோறு ஆக்கறதுக்கு நாதியத்தவன்னு ஊரு படிக்கறதுக்கா?" தனம் ஊசியைத் தலையணை உறையில் குத்தி வைத்தாள். "டீச்சரம்மா, ஒண்ணு சொல்றேன். நீங்க எழுதறதுக்கு முன்னாடியே நான் ராத்திரில ஆக்கறதில்ல. பையன் திருப்பூருக்குப் போனதுலேர்ந்து ஒத்த ஆளுக்கு இன்னாத்த ஆக்கறது? முருகையண்ணன் கடையில ஒரு பன்னு, ரெண்டு பொறை, அவ்ளோதான். இப்டி கெடக்கறோமேன்னு அசிங்கமா இருக்கும். நீங்க எழுதுனதப் படிச்சதும் சந்தோசமாயிடுச்சு. நான் பட்டினி கெடக்கல, டீச்சரம்மா சொன்னபடி இருக்கறேன்னு சொல்லிக்கலாம் இல்ல? அந்தப் பன்னையும் நிறுத்திட்டேன்."

"இத எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே."

"நீங்க கேட்டீங்களா?"

டீச்சர் கொய்யாப் பையைக் கட்டில் ஓரத்தில் வைத்தார்.

"எத்தினி நாளு பேசியிருப்போம்" என்றாள் தனம். குரலில் கோபம் இல்லை. அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது. "உப்பப் பத்திப் பேசுனோம், எண்ணெயப் பத்திப் பேசுனோம். பூராவும் சோத்தப் பத்திதான் பேச்சு. ஒரு நாளாச்சும் 'சாப்ட்டியா தனம்'னு கேட்டீங்களா? பஸ்ஸுல பக்கத்துல ஒக்கார்றவங்ககூட கேக்கறாங்க."

"அது வந்து தனம், படிக்கறவங்க உடம்பப் பத்தி நாங்களா கேக்கக் கூடாதுன்னு ஒரு விதி..." என்று தொடங்கிய டீச்சர் பாதியில் நிறுத்திக்கொண்டார். அந்த அறையில் அந்த வாக்கியம் எவ்வளவு கேவலமாகக் கேட்டது என்பது அவருக்கே தெரிந்தது. நம் ஊரில் ஒருவரைப் பார்த்துச் சாப்பிட்டாயா என்று கேட்பதற்கு வைத்தியம் படித்திருக்க வேண்டுமா? எதிரிகூட வாசலில் வந்து நின்றால் கேட்கிற கேள்வி அது. உடம்பைப் பற்றிக் கேட்கக் கூடாது என்று விதி போட்டு, அதை இம்மி பிசகாமல் காத்து, மனுஷியைப் பற்றியே கேட்காமல் இருந்துவிட்டார்.

தனம் டீ வாங்கி வரச் சொல்லட்டுமா என்று கேட்டாள். டீச்சர் வேண்டாம் என்றார். "அப்ப கெளம்புங்க, இருட்டிட்டா ஆட்டோ கெடைக்காது" என்றாள். அது அக்கறையா, போய்த் தொலையுங்கள் என்பதா என்று டீச்சருக்குத் தெரியவில்லை. வீடு வருகிறவரை அதையே யோசித்துக்கொண்டு வந்தார்.

திருத்தத்தை வியாழக்கிழமை எழுதினார். பெயர் இல்லை, ஊர் இல்லை. என்ன எழுதினேன், அது எங்கிருந்து வந்தது, அதை நம்பிய ஒருவருக்கு என்ன நேர்ந்தது, சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறவர்கள் சாப்பாட்டு நேரத்தை மருத்துவரைக் கேட்காமல் ஏன் மாற்றக் கூடாது. அவ்வளவும் நேரடியாக. த்ரிசலாவைக் கூப்பிட்டு, "கட்டைவிரல் வேணாம். வாய்விட்டுப் படி, நான் கேக்கறேன்" என்றார். மகள் படித்தாள். நடுவில் ஒரு வரியை இரண்டு தடவை படித்தாள். "போடுங்கம்மா" என்றாள்.

விதிகளின் பட்டியலிலிருந்து 'கேட்கக் கூடாது' என்பதை எடுத்தார். வீரேந்திரன் போட்ட விதி. எடுக்கும்போது அவரிடமே சண்டை போடுகிற மாதிரி இருந்தது, இந்த முறை பதிலுக்கு அடிக்கோடு போட அவர் இல்லை. அழுகை வந்தது, அழுதார்.

சனிக்கிழமை திருத்தம் வெளியானது, அந்தப் பழைய கட்டுரையின் உச்சியிலேயே, அதே பெரிய எழுத்தில். சிலர் விலகிப்போனார்கள். 'இவங்களையெல்லாம் நம்பினா இப்படித்தான்' என்று ஒருவர் எழுதினார். நியாயம்தான். தப்பை ஆயிரம் பேர் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். திருத்தத்தைத் தூக்க ஒரு கை வரவில்லை. பழைய கட்டுரை இன்னும் யார் யார் போனிலோ பெயரில்லாமல் சுற்றிக்கொண்டுதான் இருந்தது. எதிர்வீட்டு அம்மாளிடம் போய்ச் சொன்னார். "அய்ய, நான் அத அன்னிக்கே மறந்துட்டேன்" என்றாள் அவள்.

சாயங்காலம் போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். தனம் வேலைக்குத் திரும்பியிருப்பாள். படித்திருப்பாளா? அடுப்பு மேடையில் காலையில் வடித்த சோறு மூடி இருந்தது. எழுந்து போட்டுக்கொள்ள வேண்டும் என்று நினைத்தார், அந்த நேரம் பார்த்துப் போன் வந்துவிட்டால் என்று உட்கார்ந்தார். பொழுது சாய்ந்தது. அவள் பஸ் ஏறுகிற நேரம் வந்தது. இறங்குகிற நேரமும் வந்துபோனது. போன் அடிக்கவில்லை.

எட்டரை மணிக்கு அவரே கூப்பிட்டார். நாலைந்து தடவை மணி அடித்தபின் தனம் எடுத்தாள். ஹலோ என்றுகூடச் சொல்லவில்லை.

"சாப்ட்டியா தனம்?" என்றார் டீச்சர்.

எதிர்முனையில் பாத்திரத்தை மூடிவைக்கிற சத்தம் கேட்டது.

"இன்னும் இல்ல" என்றாள் தனம். "இப்பதான் வந்து ரவ உப்புமா கெளறி எறக்கி வெச்சேன்." பிறகு கேட்டாள். "நீங்க சாப்ட்டீங்களா?"

இந்தக் கேள்வியை அவரிடம் யாராவது கேட்டு எவ்வளவு காலமாயிற்று! த்ரிசலா நல்ல பெண்தான். பிரஷர் மாத்திரை போட்டீங்களா என்பாள், கேஸ் சிலிண்டரை மூடினீங்களா என்பாள். இதைக் கேட்ட ஒரே ஆள் போய்ச் சேர்ந்துவிட்டார். ஆச்சு என்று சொல்லிவிடலாம். சொல்ல வரவில்லை.

"இல்ல" என்றார்.

"அய்ய, ஏன்?"

"உன் போன் வரும்னு பாத்துட்டே இருந்துட்டேன். பொழுது போயிடுச்சு."

"போனா இன்னா? எழுந்து போட்டு சாப்புடுங்க."

"பொழுது போனா எங்க வீட்ல சாப்புடறதில்ல தனம். அது என்னோட வழக்கம். உனக்கு அது வேணாம், நீ சாப்புடு."

"நீங்க அங்க பட்டினி, நான் இங்க எப்டி..."

"ஒரு வேளைல எனக்கு ஒண்ணும் ஆவாது, மாத்திர போடறவ நீதான். தட்டுல போட்டுக்கோ. போன மட்டும் வெச்சுடாத."

தட்டு எடுக்கிற சத்தம் கேட்டது. கரண்டி பாத்திரத்தில் உரசியது. தனம் போனைப் பக்கத்தில் எங்கேயோ சாய்த்து வைத்திருக்க வேண்டும், அவள் மூச்சுவிடுவதுகூடக் கேட்டது. விளக்குப் போடாத சமையலறையில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, பசித்த வயிற்றோடு, அவள் சாப்பிடுவதை டீச்சர் கேட்டுக்கொண்டிருந்தார்.

"காரம் ஜாஸ்தியாப் போச்சு" என்றாள் தனம், வாயில் உப்புமாவோடு.

பக்கத்தில் தண்ணீர் எடுத்து வைத்துக்கொள்ளச் சொன்னார் டீச்சர்.